பல்செட் பொருந்துமா? பட்டறையில் இருக்கிறது பதில்!

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போகிறது, வறுகடலை போகிறது, ஆட்டுக்கறி போகிறது. நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சிரிப்பதும் போகிறது.

தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. எந்த மொழியில் சொன்னாலும் போன பல் திரும்ப முளைப்பதில்லை. கட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாப் பற்களும் போனவருக்கு முழுப் பல்செட். இரண்டு, மூன்று, ஐந்து என்று சில பற்கள் மட்டும் போனவருக்குப் பகுதிப் பல்செட். மீதி இருக்கும் பற்களைக் கம்பியாலோ கொக்கியாலோ பிடித்துக்கொண்டு நிற்பது இது. காலையில் மாட்டலாம், இரவில் கழற்றி வைக்கலாம். எலும்பில் திருகி நிறுத்தும் 'இம்பிளாண்ட்' பல் இன்று இருக்கிறது. ஆனால் ஆலைத் தொழிலாளிக்கும், குமாஸ்தாவுக்கும், கட்டட வேலை செய்பவருக்கும் கைக்கு எட்டுவது பெரும்பாலும் இந்தக் கழற்றி மாட்டும் பல்செட்தான்.

கட்டியவர்களில் சிலர் அதைப் போட்டுக்கொள்வதே இல்லை. கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். "குத்துகிறது", "ஆடுகிறது", "சாப்பிடும்போது கையோடு வருகிறது" என்கிறார்கள். கடைசியில், "என் வாய்க்கு ராசியில்லை" என்று வாயின் மேல் பழி போடுகிறார்கள்.

இதில் ராசிக்கு இடமில்லை. பல்செட் பொருந்துவதும் பொருந்தாததும் அதைச் செய்யும் முறையில் இருக்கிறது. அளவு எடுப்பதில் தொடங்கி மெருகு போடுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒரு பொருள் சுருங்குகிறது அல்லது விரிகிறது. அந்தக் கணக்கைச் சரிக்கட்டியவன் செய்த பல்செட் பொருந்தும். விட்டவன் செய்தது குத்தும்.

பொருத்தம் என்றால் என்ன?

பகுதிப் பல்செட்டில் மூன்று பாகங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஈறின் மேலும் அண்ணத்தின் மேலும் படியும் தகடு. இரண்டாவது, பக்கத்துப் பல்லைச் சுற்றி அணைக்கும் கொக்கி. மூன்றாவது, பல்லின் தலைமேல் உட்காரும் சிறிய தாங்கி. இந்தத் தாங்கி உட்கார டாக்டர் பல்லில் கடுகளவு பள்ளம் செய்து கொடுப்பார்.

பலருக்குத் தெரியாதது இந்தத் தாங்கியின் வேலை. நாம் கடிக்கும்போது பல்செட் கீழே அழுந்தப் பார்க்கும். தாங்கி இருந்தால் அந்தப் பாரம் நல்ல பல்லின் வழியாக எலும்புக்குப் போகும். தாங்கி இல்லாவிட்டாலும், இருந்தும் சரியாக உட்காராவிட்டாலும், பாரம் முழுவதும் ஈறின் மேல் விழும். ஈறு மெத்தை போன்றது, அழுந்தும். பல்செட் நாளுக்கு நாள் கீழே இறங்கும். இறங்கும்போது பக்கத்துப் பல்லின் ஓர ஈறையும் உரித்துக்கொண்டே இறங்கும். சரியான தாங்கல் இல்லாத கீழ்த்தாடைப் பிளேட்டுக்கு 'ஈறு உரிப்பான்' என்ற பொருள்படும் கேலிப் பெயரே பல் மருத்துவ உலகில் உண்டு.

கொக்கிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பல்செட் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கொக்கி பல்லை நெருக்கக் கூடாது. சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கழற்றி இழுக்கும்போது மட்டும் பிடிக்க வேண்டும். எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கும் கொக்கி, நல்ல பல்லை அசைத்து அசைத்து ஆட்டம் காண வைத்துவிடும்.

இழந்தது மூன்று பல். அதற்குக் கட்டியது ஒரு பல்செட். அது பொருந்தாததால் இன்னும் இரண்டு பல் போனால், பணம் கொடுத்துப் பல்லை இழந்த கதையாகிவிடும். பகுதிப் பல்செட்டின் தரத்தை அது நிரப்பும் இடத்தை வைத்து மட்டும் மதிப்பிடக் கூடாது. மீதிப் பற்களை அது எத்தனை காலம் காப்பாற்றுகிறது என்பதே உண்மையான அளவுகோல்.

எவ்வளவு இடைவெளி இருக்கலாம்? தாங்கிக்கும் பல்லுக்கும் நடுவே சுமார் 0.05 மி.மீ. முதல் 0.3 மி.மீ. வரை இருந்தால் வாயில் போட்டு வேலை செய்யலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலர் எடுத்துக்கொள்ளும் கணக்கு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.07 மி.மீ. அப்படியானால் ஒரு முடி முதல் நாலு முடி வரை! எச்.எம்.டி.யிலும் எச்.ஏ.எல்.லிலும் வேலை பார்த்த பிட்டர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் அவர்கள் இரும்போடு இரும்பைப் பொருத்தினார்கள். இங்கே ஈரமும் சூடும் அசைவும் உள்ள வாயில் பொருத்த வேண்டும்.

தந்தத்திலிருந்து ரப்பருக்கு

ஒரு காலத்தில் அளவு எடுக்கும் வழக்கம்கூட இல்லை. யானைத் தந்தத்தையும் நீர்யானைத் தந்தத்தையும் கையால் செதுக்கி, வாயில் வைத்து வைத்துப் பார்த்து, உரசும் இடத்தைச் சீவினார்கள். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் அணிந்ததும் அப்படிப்பட்ட செட்தான். அவருடையது மரப்பல் என்று சொல்வது கட்டுக்கதை. நாட்டுக்கே தலைவராக இருந்தும் பல்செட் அவரைப் படுத்திய பாடு அவருடைய கடிதங்களிலேயே பதிவாகியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கெட்டி ரப்பர் வந்தது. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851-இல் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். வாயின் அச்சிலேயே தகடு வார்க்க முடிந்தது அதன் பிறகுதான். செலவு குறைந்தது, சாதாரண ஜனங்களும் பல் கட்டிக்கொண்டார்கள்.

1937-இல் வால்டர் ரைட் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைப் பல்செட்டுக்குப் பயன்படுத்திக் காட்டினார். ரப்பர் பின்னுக்குப் போயிற்று. ஈறின் நிறத்திலேயே தகடு கிடைத்தது. இன்று வரை மலிவான பல்செட் என்றால் அது அக்ரிலிக்தான்.

அளவு எடுக்கும் இடத்திலேயே முதல் பிழை

டாக்டர் ஒரு கிண்ணத்தில் தூளையும் தண்ணீரையும் குழைத்து, தட்டில் நிரப்பி, வாயில் வைத்து அழுத்துவார். இரண்டு மூன்று நிமிஷத்தில் ரப்பர் போல இறுகும். அந்தத் தூளின் பெயர் ஆல்ஜினேட். கடல்பாசியிலிருந்து கிடைக்கும் சரக்கு. மண்டபம், ராமேசுவரம் பக்கத்துக் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் இந்தச் சத்துள்ள வகைகளும் உண்டு.

பாசிச் சரக்குக்கு ஒரு குணம். காற்றில் வைத்தால் தண்ணீர் வற்றிச் சுருங்கும். தண்ணீரில் போட்டால் உறிஞ்சி ஊதும். அதனால் அளவு எடுத்த பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் அதில் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். காலையில் எடுத்த அளவை மேசையில் போட்டுவைத்து, மாலையில் பட்டறைப் பையன் வந்து வாங்கிக்கொண்டு போய் ஊற்றினால் என்ன ஆகும்? அது நோயாளியின் வாயாக இருக்காது. வேறு யாரோ ஒருவருடைய வாயாக இருக்கும்.

ஊற்றும் பிளாஸ்டரும் சும்மா இருப்பதில்லை. இறுகும்போது விரியும். சாதாப் பிளாஸ்டர் ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று பங்கு விரியும். பல் வேலைக்கென்றே வரும் 'ஸ்டோன்' என்ற கெட்டி ரகம் ஏறத்தாழ ஒரு பங்கு மட்டும் விரியும். நல்ல பட்டறையில் தண்ணீரையும் தூளையும் அளந்து கலப்பார்கள். கண்மதிப்பில் கலக்கும் பட்டறையில் பிழை அங்கேயே தொடங்கிவிடும்.

அக்ரிலிக்: அவசரம் கூடாது

அக்ரிலிக் பிளேட்டின் செய்முறை ஏறக்குறைய இட்லி வேகவைப்பது மாதிரி. மெழுகில் தகடு செய்து பல் அடுக்குவார்கள். அதைப் பித்தளைப் பெட்டியில் பிளாஸ்டருக்குள் புதைத்து, மெழுகை உருக்கி எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் அக்ரிலிக் தூளையும் திரவத்தையும் மாவாகப் பிசைந்து அடைத்து, பிரஸ்ஸில் இறுக்கி, சுடுதண்ணீரில் வேகவைப்பார்கள்.

இங்கே மூன்று இடத்தில் கோளாறு வரும்.

முதலில், கலவை. அந்தத் திரவம் தனியாக இறுகினால் கொள்ளளவில் 21 சதவீதம் சுருங்கும். அதனால்தான் மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு திரவம் என்று கலக்கிறார்கள். அப்படியும் ஏறத்தாழ 7 சதவீதம் சுருக்கம் இருக்கிறது. குழைவாக இருக்கட்டும் என்று திரவத்தைக் கூட்டினால் சுருக்கமும் கூடும்.

இரண்டாவது, சூடு. தண்ணீரை 74 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவது ஒரு முறை. 74 டிகிரியிலேயே எட்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பது இன்னொரு முறை. அந்தத் திரவத்தின் கொதிநிலை 100 டிகிரியை ஒட்டி இருக்கிறது. எடுத்த எடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் உள்ளே ஆவி கிளம்பிக் குமிழி விழும். குமிழி விழுந்த தகடு உடையும். அழுக்கும் நாற்றமும் பிடிக்கும். சரியாக வேகாத தகட்டில் மிச்சமிருக்கும் திரவம் வாயை எரிக்கும்.

மூன்றாவது, ஆறவைப்பது. வெந்த பெட்டியை மேசையில் வைத்துத் தானாக ஆறவிட வேண்டும். அவசரத்துக்குக் குழாயடியில் காட்டினால் தகடு முறுக்கிக்கொள்ளும். "இன்றைக்கே வேண்டும்" என்று நோயாளி நெருக்கினால், டாக்டர் பட்டறையை நெருக்குவார். பட்டறை பெட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோகும்!

அக்ரிலிக் தகடு உடையாமல் இருக்க ஏறத்தாழ 2 மி.மீ. தடிமன் வேண்டும். அண்ணத்தில் அந்தத் தடிமன் வந்தால் நாக்குக்கு இடம் குறையும். தமிழனுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம். நாக்கை மேலே மடித்துச் சொல்லும் ழகரமும் ளகரமும் சில நாள் தகராறு செய்யும்.

கொக்கி, எவர்சில்வர் கம்பியைக் குறட்டால் வளைத்துச் செய்வது. பல்லின் வயிற்றுக்குக் கீழே உள்ள குழிவில் சுமார் அரை மி.மீ. ஆழத்தில் அதன் நுனி பிடிக்க வேண்டும். கை தேர்ந்தவர் வளைத்தால் கச்சிதம். தேராதவர் வளைத்தால் ஒன்று பிடிக்காது, அல்லது விடாது.

இத்தனை குறை இருந்தும் அக்ரிலிக்குக்கு ஒரு வேலை உண்டு. பல் பிடுங்கிய புதிதில் ஈறு சுருங்கிக்கொண்டே இருக்கும். முதல் சில மாதங்களில் சுருக்கம் மிக வேகம். அந்தக் காலத்துக்கு மலிவான அக்ரிலிக்கே போதும். தளர்ந்தால் உள்ளே சரக்கு வைத்துச் சரிசெய்யலாம், பல் கூட்டலாம். தற்காலிகத்துக்குச் செய்ததை இருபது வருஷம் போட்டுக்கொள்வதில்தான் ஆபத்து.

சுவாமிமலை வித்தை

நீண்ட காலத்துக்கு என்று பல் டாக்டர்கள் சொல்வது உலோகச் சட்டம் வைத்த பல்செட். கோபால்ட், குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம் சேர்ந்த கலவை அது. 1930-களில் பல் வேலைக்கு வந்தது. அக்ரிலிக் 2 மி.மீ. வேண்டிய இடத்தில் இது அரை மி.மீ. இருந்தால் போதும். தாங்கி, கொக்கி, தகடு எல்லாம் ஒரே வார்ப்பு.

வார்க்கும் முறையைக் கேட்டால் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு ஆச்சரியம் வராது. சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை வார்க்கிறார்களே, அதே வித்தைதான். அவர்கள் மெழுகில் சிலை செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். பல் பட்டறையில் வண்டலுக்குப் பதில் பாஸ்பேட் கலந்த மண்கலவை. மெழுகு எரிந்து போக ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூளை. உலோகம் உருக அதற்கும் மேல். உருகியதைச் சுழற்றி வேகத்தில் உள்ளே தள்ளும் இயந்திரம். இந்த மெழுகு வார்ப்பைப் பல் வைத்தியத்தில் பரவச் செய்தவர் அமெரிக்க டாக்டர் வில்லியம் டாகர்ட், வருஷம் 1907.

வித்தியாசம் எங்கே? ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். தண்டவாளம் வெயிலில் நீள்கிறது என்று இணைப்பில் இடைவெளி விடுகிறார்களே, அதே இயற்கைதான் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. கோபால்ட் குரோமியம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும். மேல்தாடைச் சட்டம் 50 மி.மீ. அகலம் என்றால் சுருக்கம் ஒரு மி.மீ.க்கு மேல். அரை நூல்கூட இல்லை. சிலை அரை நூல் குறைந்தால் யாருக்கும் தெரியாது. பல்செட் அரை நூல் குறைந்தால் வாய்க்குள்ளேயே போகாது.

இதைச் சரிக்கட்ட ஒரு தந்திரம் செய்கிறார்கள். மண்கலவை இறுகும்போதும் சூடேறும்போதும் எவ்வளவு விரியும் என்று தெரியும். உலோகம் எவ்வளவு சுருங்கும் என்பதும் தெரியும். ஒன்று விரியும் அளவும் மற்றது சுருங்கும் அளவும் சமமாகும்படி திரவத்தையும் சூட்டையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கு சரியாக இருந்தால் சட்டம் 'கிளிக்' என்று உட்காரும். மண்கலவையின் திரவத்தில் தண்ணீரைக் கூட்டினாலோ, சூளையை அவசரப்படுத்தினாலோ கணக்கு குலைந்துவிடும்.

உலோகம் விறைப்பானது. ஆகவே கொக்கியின் நுனி குழிவில் கால் மி.மீ. மட்டுமே பிடிக்க வேண்டும். அந்தக் கால் மி.மீ. எங்கே இருக்கிறது என்று பார்க்க 'சர்வேயர்' என்று ஒரு கருவி உண்டு. நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல. பல் அளக்கும் சர்வேயர். எந்தப் பக்கமாக மாட்டினால் எல்லாப் பல்லிலும் தடையில்லாமல் இறங்கும் என்று அதுதான் காட்டும். இந்தக் கருவியைத் தொடாமல் கண்ணால் பார்த்து வடிவமைத்த சட்டம் பொருந்தினால் அது அதிர்ஷ்டம்.

வார்ப்புக்குப் பிறகும் வேலை முடியவில்லை. மணல் அடித்து, அரைத்து, மெருகேற்ற வேண்டும். உள்பக்கம் அதிகம் அரைத்துவிட்டால், அதுவரை காப்பாற்றிய கச்சிதம் அந்த அரை நிமிஷத்தில் போய்விடும்.

லேசர் வந்தது

இப்போது கம்ப்யூட்டர் காலம். வாயில் சிறிய கேமரா போன்ற கருவியை ஓட்டினால் பற்களின் உருவம் திரையில் வருகிறது. பாசிச் சரக்கு இல்லை, குமட்டல் இல்லை. திரையிலேயே சட்டத்தை வரைகிறார்கள். பிறகு வழி மூன்றாகப் பிரிகிறது.

முதல் வழியில் மெழுகு போன்ற பொருளில் சட்டத்தை அச்சிட்டு, பழைய முறையிலேயே வார்க்கிறார்கள். இரண்டாவது வழியில் உலோகத் தூளைப் பரப்பி, லேசர் கதிரால் வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி, அடுக்கு அடுக்காக எழுப்புகிறார்கள். மூன்றாவது வழியில் கெட்டித் தகட்டை இயந்திரத்தால் கடைந்து எடுக்கிறார்கள். 'பீக்' என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் இப்படிச் செய்வது உண்டு.

லேசர் அச்சு நம்மவர்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு ராக்கெட்டைப் பறக்கவிட்டது. அதன் என்ஜின் ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் உலோகத்தில் அச்சிடப்பட்டது. ராக்கெட் என்ஜினை எழுப்பும் அதே தத்துவம்தான் பல்லின் கொக்கியையும் எழுப்புகிறது. ஓர் அடுக்கு 0.03 மி.மீ. என்றால், 15 மி.மீ. உயரமுள்ள சட்டத்துக்கு 500 அடுக்குகள்!

இங்கே மெழுகு இல்லை, மண் இல்லை. அதற்காகச் சுருக்கம் இல்லாமல் போய்விடவில்லை. லேசர் பட்ட இடம் கண்ணிமைக்கும் நேரத்தில் உருகி, உடனே உறைகிறது. உறையும்போது இழுக்கிறது. ஐந்நூறு அடுக்கும் இழுத்தால் சட்டத்துக்குள் இறுக்கம் சேர்ந்துகொண்டே போகும். அடித்தட்டிலிருந்து அறுத்து எடுக்கும் முன் உலையில் சூடாக்கி அந்த இறுக்கத்தைப் போக்க வேண்டும். போக்காமல் அறுத்தால் சட்டம் வில்லாக வளையும். எந்தப் பக்கமாகச் சாய்த்து அச்சிடுகிறார்கள், எங்கே முட்டுக் கொடுக்கிறார்கள் என்பதும் அளவை மாற்றும். மேற்பரப்பு சொரசொரப்பாக வரும். மெருகு போடும் கை அங்கேயும் வேண்டும்.

எது மேல்?

வார்ப்பா, லேசரா, எது நன்றாகப் பொருந்துகிறது? பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முடிவு ஒருமுகமாக இல்லை. சில ஆய்வுகளில் வார்த்த சட்டமே சற்று நெருக்கமாக உட்கார்ந்தது. வேறு சிலவற்றில் லேசர் சட்டம் அதற்கு இணையாகவோ மேலாகவோ இருந்தது. ஒரே சட்டத்தில்கூடத் தாங்கி ஓர் அளவிலும் அகலமான தகடு வேறோர் அளவிலும் பொருந்துவதைக் கண்டார்கள். மொத்தத்தில் இரண்டு முறையிலுமே உபயோகிக்கத்தக்க பொருத்தம் கிடைக்கிறது.

லேசருக்கு வேறு சில நன்மைகள் உண்டு. வார்ப்பில் காற்றுக் குமிழி மாட்டிக் கொக்கி முறியும் அபாயம் இருக்கிறது. நன்றாகச் செய்த லேசர் உலோகம் அடர்த்தியாக இருக்கும். வரைபடம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருப்பதால், பல்செட் தொலைந்தால் அந்தப் படத்தை வைத்தே வேறொன்று செய்யலாம். வாயில் மாற்றம் இல்லையென்றால் பொருந்தும்.

ஆனால் 'கம்ப்யூட்டர் பல்செட்' என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. கவனமாக வார்த்த சட்டம், கவனமில்லாமல் அச்சிட்ட சட்டத்தைவிட மேல்.

இயந்திரம் தீர்க்காத ஒரு சிக்கலும் இருக்கிறது. கடைவாய்ப் பல் எல்லாம் போய், பின்பக்கம் பிடிக்கப் பல்லே இல்லாதவர்கள் உண்டு. 1925-இல் எட்வர்டு கென்னடி என்ற அமெரிக்க டாக்டர் பல் இழந்த வாய்களை நாலு வகையாகப் பிரித்தபோது, முதல் இரண்டு வகையும் இதுதான். அங்கே பல்செட்டின் முன்பக்கம் பல்லின் மேல். பின்பக்கம் ஈறின் மேல். பல் அழுந்தாது, ஈறு அழுந்தும். ஆகவே சட்டம் ஊஞ்சலாடும். இதற்குச் சட்டம் தயாரான பிறகு, அந்த ஈறை மட்டும் மறுபடி அழுத்தி அளவெடுக்கும் முறை இருக்கிறது. ஒரு தடவை கூடுதலாக வரச்சொல்கிறாரே என்று டாக்டரைக் கோபிக்க வேண்டாம். அந்த ஒரு தடவைதான் முன்பல்லைக் காப்பாற்றும்.

வளையும் நைலான் பல்செட்டும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. கம்பி தெரியாது, பார்க்க அழகு. ஆனால் தாங்கி இல்லாமல் செய்தால் அதுவும் ஈறில் அழுந்தும். தளர்ந்தால் அக்ரிலிக்கைப் போல எளிதில் சரிசெய்யவும் வராது.

கண்ணுக்குத் தெரியாத கை

நோயாளி பார்ப்பது டாக்டரை மட்டும். பல்செட்டைச் செய்பவர் பெரும்பாலும் வேறோர் இடத்தில், பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் டெண்டல் மெக்கானிக். 1948-ஆம் ஆண்டில் வந்த பல் மருத்துவர்கள் சட்டமே பல் டாக்டரோடு டெண்டல் மெக்கானிக்கையும் பதிவு செய்ய வேண்டியவராகக் கணக்கில் எடுத்தது. கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது 1920-இல் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் 1953-இலும் பெங்களூரில் 1958-இலும் அரசு பல் மருத்துவக் கல்விக்கு வழி பிறந்தது.

பெங்களூரின் அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டைப் பகுதியில், விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டி இருக்கிறது. சிட்டி மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரம். அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் மார்க்கெட் பஸ் ஏறினால் போதும். நகரில் தனியார் பல் கல்லூரிகளும் பல இருக்கின்றன. கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். பல தடவை போக வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் இன்னொருவர் சரிபார்ப்பார். பொருத்தத்துக்கு அது பெரிய நன்மை.

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு இலவசப் பல்செட் கொடுக்க 'தந்த பாக்கியா' என்ற திட்டத்தைக் கர்நாடக அரசு 2014-15-இல் தொடங்கியது. பல் கல்லூரிகள் வழியாகவே அது நடத்தப்பட்டது. ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இப்போது என்ன சலுகை கிடைக்கும் என்று கல்லூரியில் நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பதிவில்லாத ஆள் சந்தை ஓரத்தில் உட்கார்ந்து, அரை மணியில் பல் கட்டிவிடுவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். உடனே இறுகும் அக்ரிலிக்கை வாயிலேயே வைத்து, கம்பியால் பக்கத்துப் பல்லோடு கட்டிவிடுவது அவர்கள் வழக்கம். கழற்ற முடியாது; கழுவ முடியாது. உள்ளே சோறு தங்கி அழுகும். கட்டிய பல்லோடு கட்டப்பட்ட பல்லும் போகும்.

கேளுங்கள், கொடுக்கப்படும்

பல் கட்டிக்கொள்ளப் போகிறவர் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில.

"இது தற்காலிகமா, நிரந்தரமா?" "பல்லின் மேல் உட்காரத் தாங்கி இருக்கிறதா?" "உலோகச் சட்டத்தைப் பல் வைப்பதற்கு முன் வாயில் வைத்துப் பார்ப்பீர்களா?" இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வெறும் சட்டத்தை வாயில் வைத்துப் பார்க்கும்போதே ஆட்டம் தெரிந்துவிடும். தாங்கி ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் விரலால் அழுத்தினால் மறுபக்கம் எழும்பக் கூடாது. எழும்பினால் மறுபடி செய்யச் சொல்லும் உரிமை, பணம் கொடுப்பவருக்கு உண்டு.

வாங்கிய பிறகு முதல் வாரத்தில் சிறு புண் வருவது சகஜம். அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். வீட்டில் அரம் எடுத்து ராவக் கூடாது. குறட்டால் கொக்கியை நெருக்கக் கூடாது. கால் மி.மீ. கணக்கில் செய்ததைக் கைவாக்கில் வளைத்தால் பொருத்தம் போய்விடும். கொதிநீரில் போடக் கூடாது, அக்ரிலிக் முறுக்கிக்கொள்ளும். மிருதுவான பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறு மூச்சுவிடட்டும். சின்னப் பல்செட் தூக்கத்தில் நழுவித் தொண்டையில் மாட்டிக்கொண்ட சம்பவங்கள் உண்டு. அக்ரிலிக் எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாது என்பதால் தேடுவதும் சிரமம்.

வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள். பல்செட் அப்படியே இருந்தாலும் ஈறு அப்படியே இருப்பதில்லை. இறங்கிய இடத்தில் சரக்கு வைத்து ஏற்றினால், இன்னும் சில வருஷம் ஓடும்.

செருப்பு கடித்தால் வேறு செருப்பு வாங்கலாம். சட்டை பிடித்தால் தையற்காரரிடம் கொடுத்துத் தளர்த்தலாம். பொருந்தாத பல்செட் கொண்டுபோவது சொந்தப் பல்லை. பல்செட்டைத் திரும்பச் செய்யலாம். பல்லைச் செய்ய முடியாது.